அப்பாவின் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கிறது

கேள்வி: எனக்கு 36 வயது. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவர், ஆறு வயது மகள். நான் நாலாம் வகுப்பு படித்தபோதிலிருந்து கல்லூரி விடுதிக்குப் போகும்வரை அப்பா தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். என்னை அவ்வளவாக அடித்ததில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு அவருடைய டிவிஎஸ் 50 தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். இப்போது என் வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனாலும் கணவரின் பைக் வாசலில் வந்து நின்றால் கை சில்லிட்டுப் போகிறது. அவர் போனில் யாரிடமாவது சத்தமாகப் பேசினாலே அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். மகள் விடாமல் அழுதால் ஒன்று கத்திவிடுகிறேன், இல்லை கல் மாதிரி நின்றுவிடுகிறேன். காலையில் புள்ளிக்கோலம் போடும் அந்த அரைமணி நேரம்தான் மனசு அமைதி. யூடியூப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் குழந்தையைச் சந்திக்கும் தியானம் என்று ஒன்று செய்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. தூக்கத்துக்கு மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் பாதி மாத்திரை போடுகிறேன். சில நாள் இல்லாமலே போய்விட்டால் என்ன என்று தோன்றும். அப்பாவுக்கு இப்போது பக்கவாதம். குடியையும் விட்டுவிட்டார். “அப்பாதானே, மறந்துடு, தீபாவளிக்கு வா” என்கிறார்கள். கவுன்சிலிங் போகப் பயம். எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டுமே. நானே செய்துகொள்ளக்கூடியது ஏதாவது இருக்கிறதா? அவரை மன்னித்தால்தான் எனக்குச் சரியாகுமா?

— பெயர், ஊர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள தோழி,

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இல்லாமலே போய்விட்டால் என்ன என்று. அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எண்ணம் வந்துவிட்டுப் போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு, இப்போதே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவையும் 044-24640050இல் அழைக்கலாம். முதலாவது என்றாலும், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைக் கணவர் கையில் கொடுத்து வைத்துவிடுங்கள். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. மோசமான ராத்திரிகளில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து, “என்னை அவ்வளவாக அடித்ததில்லை” என்ற வரி. அதை நான் மூன்று முறை படித்தேன். என்னிடம் வரும் பெண்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அடி வாங்கியது அம்மா, எனக்கென்ன என்று. 1990களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயது பற்றிக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 1998இல் வெளியாயின. குழந்தைப் பருவத்துக் கேடுகள் என்று அவர்கள் கணக்கிட்டவற்றில் வீட்டில் குடிப்பவர் இருப்பது ஒன்று. அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்வது தனியாக இன்னொன்று. எத்தனை வகைக் கேடு சேர்கிறதோ அத்தனைக்கு, பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் உடல்நோயும் கூடுவதை அந்த ஆய்வு காட்டியது. அரிசி மூட்டைக்குப் பின்னால் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அடி விழவில்லைதான். ஆனால் அடுத்த அடி எங்கே விழும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அவள்தானே. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு ஒன்பது வருஷம்.

அந்தக் காதுதான் இன்னும் வேலை பார்க்கிறது. ஒரு விபத்து, ஒரு வெள்ளம் என்று ஒரே முறை நடந்துவிட்டுப் போகும் அதிர்ச்சி ஒரு மாதிரி. தப்பிக்க வழியில்லாத இடத்தில், நம்பியிருக்க வேண்டிய ஆளாலேயே, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப நடப்பது வேறு மாதிரி. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992லேயே இதைப் பிரித்துப் பேசினார். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்குத் தனி இடம் கொடுத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் இதன் பெயர் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடும் மனப் பாதிப்பின் சிக்கலான வகை. பழையது இப்போது நடப்பது போலவே திரும்பி வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் இருக்கிறது என்ற ஓயாத உஷார், இவை மூன்றும் முதலில். அவற்றோடு, உணர்ச்சி ஒன்று பொங்கிவிடும் அல்லது மரத்துவிடும். நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற எண்ணம் ஊறிக்கிடக்கும். நெருங்கிய உறவுகளில் நிம்மதியாக இருக்க முடியாது. கடிதத்தை மட்டும் படித்துவிட்டு உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பைக் சத்தத்துக்குக் கை சில்லிடுவதும், மேடையைத் துடைத்துக்கொண்டே இருப்பதும், கல் மாதிரி நின்றுவிடுவதும் உங்கள் குணக்கேடு அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். அன்றைக்கு உங்கள் இருவரையும் காப்பாற்றிய பழக்கங்கள் அவை. ஆபத்து முடிந்துவிட்டது என்ற தகவல் உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தகவலை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. பாதி விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

காலைக் கோலத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். குனிந்திருக்கிறீர்கள், பாதம் இரண்டும் ஈரத் தரையில் படிந்திருக்கிறது. கண் திறந்திருக்கிறது. விரலிடுக்கில் மாவு ஒரே சீராக இறங்க வேண்டும், அதற்கு மூச்சும் தன்னாலேயே சீராகிறது. புள்ளியை எண்ண வேண்டும், எண்ணிக்கை தப்பினால் கோலம் தப்பும். இந்த நிமிஷத்தை விட்டு வேறெங்கும் போக மனசுக்கு வழியில்லை. அந்த யூடியூப் தியானமோ இதற்கு நேர் எதிர். கண்ணை மூடச் சொன்னது, அதாவது இப்போதைய வீட்டை மறைத்தது. பிறகு நேராக அந்தப் பழைய வீட்டுக்குள் அனுப்பியது, துணைக்கு யாரும் இல்லாமல். இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. தியானம் கெட்டது என்று சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே போவது ஆரம்பப் பாடம் ஆகாது. ஒரு வீடியோவால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது, போதும் நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியாது. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கோலத்தில் இருக்கும் அதே சங்கதியை ராத்திரி ஒன்பதரைக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்யலாம். பைக் சத்தம் கேட்டுக் கை சில்லிடும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். உங்கள் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல் விரலில் குத்தட்டும், இரும்பின் குளிர்ச்சி தெரியட்டும். வாய்விட்டுச் சொல்லுங்கள்: “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு 36 வயசு. இது என் வீடு. கதவுச் சாவி என் கையில இருக்கு. வர்றது என் வீட்டுக்காரர்.” பிறகு அறையில் நீல நிறத்தில் இருக்கும் ஐந்து பொருள்களைத் தேடிப் பிடியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வெளியே விடுவதை மட்டும் நீளமாக்குங்கள், சூடான டீயை ஊதி ஆற்றுவது போல மெதுவாக. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், அது உடம்பின் இயற்கை. அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். இதை மனசு நன்றாக இருக்கும் பகல் வேளையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை பழகுங்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது. முதல் இரண்டு வாரம் பலன் தெரியாமலும் போகலாம். சில்லிடுவது நின்றதா என்று பார்க்காதீர்கள். போன வாரம் நாற்பது நிமிஷம் இருந்தது இந்த வாரம் முப்பது ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணவரிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. முழுக் கதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றே உதவி கேளுங்கள். தெருவுக்குள் நுழையும் முன் “வந்துட்டேன்” என்று ஒரு மெசேஜ் போடட்டும். எதிர்பாராத சத்தத்துக்கும் எதிர்பார்த்த சத்தத்துக்கும் உங்கள் உடம்பு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சூடான போன் பேச்சு என்றால் மாடிக்கோ வாசலுக்கோ போய்ப் பேசட்டும். நீங்கள் மேடையைத் துடைக்கத் தொடங்கினால், பின்னாலிருந்து வந்து தோளைத் தொடாமல், முன்னால் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் குற்றப்பத்திரிகை வாசிப்பது போல் சொல்லாமல், ஒரு நல்ல மாலையில் சொல்லுங்கள்.

மகள் விஷயம் உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்று தெரிகிறது. கத்திவிட்ட பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். பத்து நிமிஷம் கழித்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, “அம்மா கத்தினது தப்பு. நீ அழுததுனால இல்ல, அம்மாவுக்கு உடம்புக்குள்ள பயம் வந்துடுச்சு. இப்ப சரியாயிடுச்சு” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளாவது யாராவது இப்படித் திரும்பி வந்து உங்களிடம் பேசியிருந்தார்களா? உங்கள் மகளுக்கு அது கிடைக்கிறது.

மாத்திரை. அல்பிரசோலம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. தூக்கம் வரும், ஆனால் பழகிப்போகும், பிறகு பாதி முழுசாகும். இந்த வகை மாத்திரைகள் அதிர்ச்சிப் பாதிப்பை ஆற்றுவதும் இல்லை. அதற்காக நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவரிடம் எவ்வளவு நாளாக, எவ்வளவு என்று உள்ளதைச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பார். வேறு மருந்து தேவையா என்றும் அவரே பார்ப்பார். செர்ட்ராலின் போன்ற, பழக்கமாகாத மருந்துகள் இதற்கு இருக்கின்றன.

இனி, கவுன்சிலிங் பயம். எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டுமே என்கிறீர்கள். முதல் நாளே வேண்டாம். முதல் மாதமும் வேண்டாம். நான் முன்பு சொன்ன ஹெர்மன் மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அப்புறம் வாழ்க்கையோடு மறுபடி சேர்ந்துகொள்வது. அந்த வரிசையில்தான் நானும் வேலை செய்கிறேன். பாதுகாப்பு என்றால் தூக்கம், உடம்பை அடக்கும் பழக்கம், வீட்டில் ஒத்தாசை, நம்பத் தகுந்த ஒரு ஆள். இதற்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பதிலில் நான் சொல்லும் சுய உதவி எல்லாம் அந்த முதல் கட்டத்துக்கானவை. இரண்டாம் கட்டத்தைத் தனியாகத் தோண்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டைரியில் எழுதுவதும் அப்படித்தான். இன்றைக்கு நடந்தது, இன்றைக்குப் பட்டது என்று தாராளமாக எழுதுங்கள். அரிசி மூட்டை ராத்திரிகளை எழுதுவது பிறகு, கூட ஆள் இருக்கும்போது.

அந்தக் கட்டத்துக்கு என்று முறைகள் இருக்கின்றன. அதிர்ச்சிக்கென்றே அமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது, ஒன்று. இன்னொன்று ஈஎம்டிஆர், அதில் நினைவை மனதில் பிடித்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர வேண்டும். இதில் நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டிய தேவை குறைவு என்பதால் உங்களுக்கு ஒத்துவரலாம். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இவ்விரண்டையும் பரிந்துரைத்தது. இரண்டுமே பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. கவுன்சிலர் என்று பலகை மாட்ட நம் ஊரில் பெரிய தடை ஏதும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி: சிறுவயது அதிர்ச்சி உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? நான் தயாராகும்வரை விவரம் கேட்காமல் தொடங்க முடியுமா? இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். முதல் நாளே “எல்லாத்தையும் கொட்டிடுங்க, லேசாயிடும்” என்பவர், உங்களைக் கேட்காமல் கணவரையோ அம்மாவையோ உள்ளே கூப்பிடுபவர், “பெத்தவங்கள மன்னிங்க, எல்லாம் சரியாயிடும்” என்று அறிவுரை சொல்பவர் என்றால் இரண்டாம் முறை போக வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் தகவலை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருபவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விலக்கு.

என் அறையில் வருபவர் நாற்காலியைக் கதவு தெரிகிற மாதிரிதான் போட்டிருக்கிறேன். கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஒரு பெண், முதல் முக்கால் மணி நேரமும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் இடத்தை மாற்றினேன். அன்றைக்குத்தான் பேசினார். நீங்கள் போகும் இடத்திலும் எங்கே உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். அதற்கு என்ன மறுமொழி வருகிறது என்பதிலிருந்தே அந்த ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. தனியார் பள்ளிச் சம்பளம் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். கூட்டம் இருக்கும், பேசக் கிடைக்கும் நேரம் குறைவாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அதனால் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: “சின்ன வயசுல ஒன்பது வருஷம் வீட்டில் அடிதடி. இப்போது சத்தம் கேட்டால் உடம்பு உறைகிறது. தூக்கம் இல்லை. அல்பிரசோலம் பாதி மாத்திரை, இத்தனை மாதமாக. சாகும் எண்ணம் எப்போதாவது வருகிறது.” வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளை நீட்டினால் போதும். 14416லும் இதையே படித்துக் காட்டலாம், நெருக்கடி இல்லாத நாளிலும் அழைக்கலாம்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டங்கள் இருக்கின்றன. 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது, தமிழ்நாட்டிலும் நடக்கிறது. கட்டணம் இல்லை, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், பேச விருப்பமில்லை என்றால் கேட்டுவிட்டு வரலாம். அப்பா குடியை நிறுத்திவிட்டாலும் நீங்கள் போகலாம். அருகில் எங்கே என்று குடிநோய் சிகிச்சை மையங்களில் கேட்டால் சொல்வார்கள். அது சிகிச்சை அல்ல, கடவுள், ஆன்மிகம் என்ற பேச்சும் கொஞ்சம் வரும். ஆனால் “வண்டிச் சத்தம்” என்று நீங்கள் சொன்னதும், விளக்கமே கேட்காமல் நாலு பேர் தலையாட்டும் ஓர் இடம் வேண்டாமா உங்களுக்கு?

கடைசியாக அப்பா. மன்னிப்பது மீள்வதற்கான நிபந்தனை அல்ல. மன்னித்தவர்களும் மீண்டிருக்கிறார்கள், மன்னிக்காதவர்களும் மீண்டிருக்கிறார்கள். இரு தரப்பையும் என் அறையில் பார்த்திருக்கிறேன். அவர் குடியை விட்டது நல்லது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து உங்களுக்கு இரக்கம் வரலாம், அதே நிமிஷம் கோபமும் வரலாம். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றை ஒன்று பொய்யாக்காது. “மறந்துடு” என்பவர்களிடம் வாதாட வேண்டாம். “எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்” என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். கடமை உறுத்தினால் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பலாம். பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்வது வேறு விஷயம், ஒன்றைச் செய்தால் மற்றதையும் செய்தாக வேண்டும் என்று இல்லை.

தீபாவளிக்குப் போவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். போவதென்றால் ராத்திரி தங்காதீர்கள். காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலை வெளிச்சத்திலேயே கிளம்புங்கள், உங்கள் சொந்த வண்டியில். “பாப்பாவுக்கு நேரமாச்சு” என்று உங்களில் யார் சொன்னாலும் அடுத்த பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவது என்று கணவரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரிசி மூட்டை இருந்த அறைக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. போகாமலே இருந்துவிட்டாலும் தவறில்லை, தம்பியை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். அவரும் அதே மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்தான். இத்தனை வருஷத்தில் நீங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அடுத்த முறை எழுதும்போது அதையும், மருத்துவரைப் பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.